சின்ன டெலிஃபோட்டோ லென்ஸ் ஒன்று வாங்க முதல்

சித்திரையில் தொடங்கினேன், புரட்டாதியில்தான் முடிந்தது. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஒரு டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்க ஐந்து மாதம். இடையில் மூன்று லென்ஸ் வாங்கி மூன்றையும் நட்டத்துக்கு விற்றேன். கையை விட்டுப் போனது மொத்தம் 41,000 ரூபாய். கடைசியில் சரிவந்த லென்ஸின் விலை 38,000. தொலைத்த காசில் அதே லென்ஸ் இன்னொன்று வாங்கியிருக்கலாம் என்று நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது. கேட்டறிய ஆள் இல்லை. விற்கிறவர் சொன்னதை மட்டும் கேட்டு நடந்தேன். கொழும்பில் இப்போது யாராவது இதே தேடலில் இறங்கியிருந்தால் அவருடைய காசாவது தப்ப வேண்டும் என்பதால், ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது நிக்கோன் டி3200, அதோடு வந்த 18-55 லென்ஸ் (இந்த எண்கள் மி.மீ., எண் கூடக் கூடத் தூரத்தில் உள்ளது கிட்டத்தில் தெரியும்). ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது தேரோடு வருகிறவர்களின் முகங்கள், பேரை ஏரியில் வந்து இறங்கும் கூழைக்கடாக்கள், தலங்கமச் சதுப்பின் தாழைக்கோழிகள், இவற்றைக் கிட்டத்தில் எடுக்க 55 மி.மீ. காணாது. கமராவே பற்றரியோடு 500 கிராம் வரும். காலி வீதி பஸ்ஸில் நின்றபடி போய்வருகிறவன் என்பதால், லென்ஸ் 400 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று முதலிலேயே எல்லை வைத்தேன். அந்த எல்லையில் பிழையில்லை. 700 கிராம் லென்ஸை ஆசையில் வாங்கி, இரண்டாம் கிழமையே அலுமாரியில் வைத்துப் பூட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். நான் விட்ட பிழை வேறு: பாரத்துக்குப் பிறகு நான் பார்த்த ஒரே எண் மி.மீ. மட்டும்தான். 300 என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைத்தேன்.

கோட்டையில் ஒரு சின்னக் கடை. கண்ணாடி அலுமாரிக்குள் நிக்கோன் 70-300, எஃப் 4-5.6 ஜி (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்), பாவித்தது, 17,500 ரூபாய். "நானா, இது டி3200க்குச் சரிவருமா?" என்று கேட்டேன். "நிக்கோன் கமரா, நிக்கோன் லென்ஸ்தானே தம்பி, பூட்டிப் பாருங்க" என்றார். பூட்டினேன், டக்கென்று பூட்டுப்பட்டது. பற்றரியில் சார்ஜ் இல்லாமல் போயிருந்தேன். பூட்டுப்பட்டதே போதும் என்று காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரவு சார்ஜ் போட்டு ஷட்டர் பொத்தானை அரைவாசி அழுத்தினால் லென்ஸில் ஒரு அசைவும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. லென்ஸ் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். பழுது லென்ஸிலும் இல்லை, கமராவிலும் இல்லை.

நிக்கோனில் ஓட்டோ ஃபோகஸ் பழைய முறையில், மோட்டர் கமராவின் பொடிக்குள் (லென்ஸ் நீங்கலான கமரா உடலுக்குள்) இருக்கும். லென்ஸ் பூட்டும் மவுண்ட் வளையத்திலிருந்து ஸ்குரூட்ரைவர் நுனி போன்ற ஒரு சின்னக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு, லென்ஸின் பின்பக்கத்துப் பிளவுக்குள் புகுந்து சுழற்றும். டி90, டி7000 போன்றவற்றில் அந்தக் கம்பி இருக்கிறது. டி3000 வரிசை, டி5000 வரிசைக் கமராக்கள் எதிலும் இல்லை. அவற்றுக்கு மோட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். லென்ஸில் வெறும் 'ஏஎஃப்' என்று இல்லாமல் 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தாலும் லென்ஸைத் திருப்பிப் பின் உலோக வளையத்தைப் பாருங்கள். ஸ்குரூவின் தலை போல நடுவில் பிளவோடு ஒரு சின்ன வட்டம் இருந்தால், அந்த லென்ஸ் பொடியின் மோட்டரை நம்பி இருக்கிறது. டாம்ரோனின் மலிவான 70-300 நிக்கோனுக்கு மோட்டர் இல்லாமலும் வந்தது, பிறகு மோட்டரோடும் வந்தது. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆகவே பெயரை நம்பாமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே வழி.

கையால் ஃபோகஸ் பண்ணிச் சமாளிக்கலாம் என்று ஒரு மாதம் முயன்றேன். வியூஃபைண்டரின் இடது கீழ் மூலையில் பச்சைப் புள்ளி ஒன்று உண்டு. நீங்கள் தெரிந்தெடுத்த புள்ளியில் ஃபோகஸ் சரிவந்தால் அது நின்று எரியும். அசையாத பொருளுக்கு அது உதவி. நீந்தும் பறவைக்கு உதவாது, நான் வளையத்தைத் திருப்பி முடிக்க முதல் அது போய்விடும். அதோடு அந்த லென்ஸில் அதிர்வைத் தாங்கும் வசதியும் இல்லை. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் மி.மீ. எண்ணுக்குக் குறையக்கூடாது என்பது பழைய கணக்கு. சின்ன சென்சர் (படம் பதியும் சில்லு) உள்ள நிக்கோனில் அந்த எண்ணை 1.5ஆலும், கெனனில் 1.6ஆலும் பெருக்க வேண்டும். 300 என்றால் 450, ஆகவே 1/500 செக்கன். பின்னேரம் ஐந்தரைக்கு விகாரமகாதேவி பூங்கா மரநிழலில் எஃப் 5.6ஓடு 1/500 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ (சென்சர் வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 வரை போகும். படம் முழுக்க மணல் தூவியது போல இருக்கும். வைகாசி முடிவில் அந்த லென்ஸை 10,500க்கு விற்றேன். ஏழாயிரம் போனது.

இரண்டாவதுதான் அதிகம் வலித்தது, ஏனென்றால் இந்த முறை கவனமாகத்தான் இருந்தேன். ஏஎஃப்-பி டிஎக்ஸ் (சின்ன சென்சருக்கானது) 70-300, எஃப் 4.5-6.3, விஆர் (நிக்கோனின் அதிர்வுக் குறைப்பு) உள்ளது. 2016இல் வந்த லென்ஸ். 415 கிராம், என் எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் 300 மி.மீ.க்கு இது பஞ்சு. உள்ளே மோட்டர் இருக்கிறது, அதிர்வுக் குறைப்பு இருக்கிறது, பாவித்தவர்கள் எல்லாரும் கூர்மையைப் புகழ்ந்திருந்தார்கள். இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்துப் பம்பலப்பிட்டி ஸ்டேஷனடியில் விற்பவரைச் சந்தித்தேன். தன் டி5600இல் பூட்டிக் காட்டினார். சத்தமே இல்லாமல், கண் மூடித் திறக்க முதல் ஃபோகஸ் விழுந்தது. கடலில் தூரத்தில் நின்ற கப்பலின் கம்பிகள் தெரிந்தன. 54,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். என் கமரா தோளில்தான் தொங்கியது. அதைக் கழட்டி ஒருதரம் பூட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் பூட்டினால் ஃபோகஸ் இல்லை. கையால் வளையத்தைத் திருப்பினாலும் இல்லை. உருவம் மங்கலாகவே நிற்கிறது.

காரணம் இது. ஏஎஃப்-பி லென்ஸில் ஸ்டெப்பிங் மோட்டர். ஃபோகஸ் வளையம் கண்ணாடியோடு நேராகப் பொருத்தப்படவில்லை. வளையம் திரும்பியதைக் கமரா உணர்ந்து, மோட்டருக்குக் கட்டளை கொடுத்து, மோட்டர்தான் கண்ணாடியை நகர்த்துகிறது. அந்தக் கட்டளையைக் கொடுக்கத் தெரியாத பழைய கமராவில் ஓட்டோவும் இல்லை, கையும் இல்லை. டி3200 மட்டுமல்ல, டி3100, டி5100, டி7000, டி90 எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஃபேர்ம்வெயார் (கமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்றியும் பயனில்லை. டி3300, டி5300, டி5500 ஆகியவை ஃபேர்ம்வெயாரைப் புதுப்பித்தால் ஒழுங்காக வேலை செய்யும். டி3400, டி3500, டி5600, டி7500 வாங்கிய நாளிலிருந்தே வேலை செய்யும். டி7100, டி7200இல் ஓடும், ஆனால் கமரா கொஞ்ச நேரம் சும்மா இருந்து, வெளிச்சம் அளக்கும் மீட்டர் அணைந்தால் பிடித்து வைத்த ஃபோகஸ் மாறிவிடும். இந்த லென்ஸில் விஆரை நிறுத்தும் சுவிட்சும் கிடையாது, கமராவின் மெனுவில்தான் நிறுத்த வேண்டும். பழைய மெனுவில் அந்த வரி இருக்காது. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: இதே 70-300 ஏஎஃப்-பி விஆர் இல்லாமலும் உண்டு, இரண்டு லென்ஸ் பெட்டியாக விற்ற கமராக்களோடு நிறைய வந்தது. தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று. விஆர் என்ற இரண்டு எழுத்து மட்டும்தான் வித்தியாசம்.

விற்றவருக்கு ஃபோன் எடுத்தேன். "தம்பி, என்ர கமராவில வடிவா வேலை செய்தது, நீங்களே பாத்தனீங்கள்தானே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, என்னால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. ஆடிவேல் வந்தது, போனது. 54,000 ரூபாய் லென்ஸ் மேசையில் கிடக்க, நான் 18-55ஓடு சனத்துக்குள் இடிபட்டு நின்றேன். காசைவிட அதுதான் பெரிய இழப்பு. அந்தத் தேருக்கு அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டும். விற்கும்போது எந்தெந்தக் கமராவுக்குப் பொருந்தாது என்று விளம்பரத்தில் முதல் வரியிலேயே எழுதினேன். வந்த முதல் ஆளிடம் டி5100 இருந்தது, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அப்படி எழுதியதால் விலை கொஞ்சம் இறங்கி 45,500க்குப் போனது. எட்டாயிரத்து ஐந்நூறு நட்டம்.

மற்றக் கமரா வைத்திருப்பவர்களும் இதை நிக்கோன்காரரின் தலையிடி என்று தள்ள வேண்டாம், எல்லா இடத்திலும் இப்படி ஒரு குழி உண்டு. கெனனில் 75-300 மூன்றாம் பதிப்பு மலிவாகக் கிடைக்கும், 480 கிராம், அதிர்வுக் குறைப்பு இல்லை, ஒன்றரை மீற்றருக்குக் கிட்டே ஃபோகஸ் பிடிக்காது. அதை விட்டு இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் (ஐஎஸ் அதிர்வுக் குறைப்பு, எஸ்டிஎம் ஸ்டெப்பிங் மோட்டர்) தேடுங்கள். 375 கிராம், 85 சென்ரிமீற்றர் வரை கிட்டே பிடிக்கும், ஃபோகஸ் சத்தமின்றி ஓடும். அதே 55-250இல் எஸ்டிஎம் எழுதாத பழைய இரண்டு பதிப்பும் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் ஃபோகஸ் ஓடும்போது முன் வளையம் சுழலும், போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் ஒவ்வொரு முறையும் திருப்பித் திருப்பிச் சரிபண்ண வேண்டும். இஎஃப்-எஸ் லென்ஸ் முழு சென்சர் கெனன் டிஎஸ்எல்ஆரில் பூட்டாது. சொனி இ-மவுண்டுக்கு 55-210, 345 கிராம், ஓஎஸ்எஸ் (சொனியின் அதிர்வுக் குறைப்பு) உள்ளே இருக்கிறது. நிக்கோன் இசட் சின்ன சென்சர்க் கமராவுக்கு 50-250 விஆர், 405 கிராம். பாரம்தான் முதல் கவலை என்றால் ஒலிம்பஸ் 40-150, எஃப் 4-5.6, வெறும் 190 கிராம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (இன்னும் சின்ன சென்சர்) என்பதால் 80-300 அளவுக்குக் கிட்டத்தில் காட்டும். ஆனால் அந்த லென்ஸுக்குள் அதிர்வுக் குறைப்பு இல்லை, ஒலிம்பஸ் கமராவின் பொடிக்குள் இருப்பதை நம்பிச் செய்த லென்ஸ். பொடிக்குள் அந்த வசதி இல்லாத பழைய பனசோனிக்கில் பூட்டினால் ஒன்றும் இல்லாமல் போகும். அவர்களுக்கு பனசோனிக்கின் 45-150 நல்லது, 200 கிராம், வசதி லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 420-800 என்று எழுதி மலிவாக விற்கும் நீளக் குழாய்களைத் தொடவே வேண்டாம். தொடக்கமே எஃப் 8.3, ஓட்டோ ஃபோகஸ் கிடையாது, ஸ்டான்ட் இல்லாமல் ஒரு படமும் வராது.

மூன்றாவது, ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 55-200 விஆர், முதல் பதிப்பு, 335 கிராம். இந்த முறை என் கமராவில் பூட்டி, பற்றரி நிறைய சார்ஜோடு, கடைக்குள் பத்துப் படம் எடுத்துப் பார்த்துத்தான் 24,000 ரூபாய் கொடுத்தேன். ஃபோகஸ் விழுந்தது, விஆர் வேலை செய்தது. கடை வொரண்டி ஒரு கிழமை. மூன்றாம் கிழமைதான் காலிமுகத்திடலுக்குக் கொண்டுபோனேன். பின்னேரச் சூரியனுக்கு எதிராகப் பட்டம் விடும் பிள்ளைகளை எடுத்தால், படம் எல்லாம் பால் கலந்தது போல. கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பலாக இருந்தது. முன் கண்ணாடியைத் துடைத்தேன், மாறவில்லை. வீட்டுக்கு வந்து ஃபோனின் டோர்ச்சை லென்ஸின் பின்பக்கத்தால் சரித்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்டேன்: இரண்டாம் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை இழைகள், மரத்தின் வேர் போலக் கிளைவிட்டுக் கிடந்தன. பூஞ்சணம். கடையின் ரியூப் லைட் வெளிச்சத்தில் முன்னால் பார்த்தபோது கண்ணாடி பளிங்கு போலத்தான் இருந்தது.

டோர்ச் சோதனை எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன், கொழும்பில் பாவித்த லென்ஸ் வாங்குகிறவருக்கு இதைவிட முக்கியமான வேலை இல்லை. லென்ஸைக் கமராவிலிருந்து கழட்டி இரண்டு மூடியையும் எடுங்கள். நிக்கோன் என்றால் பின்பக்கத்தில் சின்ன உலோக நெம்பு ஒன்று இருக்கும், அதை விரலால் தள்ளினால் உள்ளே வெளிச்சம் வரும் துளையைத் திறந்து மூடும் அப்பர்ச்சர் இதழ்கள் முழுக்கத் திறக்கும். விட்டால் டக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். மெதுவாக வந்தால் இதழில் எண்ணெய் ஏறியிருக்கிறது. நெம்பைத் திறந்து பிடித்தபடி டோர்ச்சைப் பின்பக்கத்தில் நேராக அல்ல, சரிவாகப் பிடியுங்கள். முன்பக்கத்தால் பார்த்தபடி லென்ஸை மெல்ல ஆட்டுங்கள். சூமை 55இல் ஒருதரம், 200இல் ஒருதரம் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் உள்ளே கண்ணாடிக் கூட்டங்கள் நகர்கின்றன, ஒரு நிலையில் மறைந்தது மறு நிலையில் தெரியும். பிறகு டோர்ச்சை முன்னால் வைத்துப் பின்னால் பாருங்கள். பொட்டுப் பொட்டாகத் தெரிவது தூசி, எல்லாப் பாவித்த லென்ஸிலும் இருக்கும், படத்தில் வராது. இழை, வேர், சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சணம். கண்ணாடியில் ஊதிய மூச்சு போல ஒரே சீராக மங்கியிருந்தால் உள்ளே ஆவிப் படலம். பின் இரண்டுக்கும் 'துடைத்தால் போய்விடும்' என்று விற்கிறவர் சொல்லுவார். துடைக்கலாம், ஆனால் பூஞ்சணம் விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் இழை போனாலும் தழும்பு போகாது.

எனக்கு அதுதான் நடந்தது, அதற்கு மேலும் நடந்தது. திருத்துகிற இடம் ஒன்றில் 7,500 ரூபாய்க்குத் துடைக்கக் கொடுத்தேன், மூன்று கிழமை எடுத்தார்கள். இழைகள் போயிருந்தன. ஆனால் படத்தின் வலது பக்கம் முழுக்க மெழுகு பூசியது போல மென்மையாக வந்தது. கழட்டிப் பூட்டும்போது ஒரு கண்ணாடிக் கூட்டம் ஒரு மயிரளவு சரிந்து உட்கார்ந்தாலே இப்படி வரும். மலிவான சூம் லென்ஸைக் கழட்டி மறுபடி மையம் பிடிக்க, அதற்குரிய கருவி இல்லாமல் முடியாது. ஆகவே என் முடிவு இது: இந்த விலைக்குள் இருக்கும் லென்ஸில் பூஞ்சணம் கண்டால் விலை பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள். குறையைச் சொல்லி 6,000க்கு விற்றேன். இருபத்தையாயிரத்து ஐந்நூறு அதில் மட்டும் போனது.

இந்த இடத்தில் நின்று மறுபடி கணக்குப் பார்த்தேன். எனக்கு உண்மையில் 300 மி.மீ. வேண்டுமா? டி3200 படம் 6016க்கு 4000 பிக்செல், அதாவது 24 மெகாபிக்செல். 200 மி.மீ.யில் எடுத்த படத்தை 300இல் எடுத்தது போல வெட்டினால் நீளமும் அகலமும் மூன்றில் இரண்டாகும். கிட்டத்தட்ட 4010க்கு 2667, பத்தரை மெகாபிக்செலுக்குக் கொஞ்சம் மேல். ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சடிக்க 3508க்கு 2480 போதும். அப்படியென்றால் என் தேவைக்கு 200 போதுமானது. மி.மீ. எண்ணின் மயக்கத்தில் இந்தச் சின்னப் பெருக்கலைச் செய்யாமல்தான் நாலு மாதம் ஓடியிருக்கிறேன். பறவை மட்டும்தான் உங்கள் விருப்பம் என்றால் இந்தக் கணக்கு பிழைக்கும், அங்கே 300இலும் வெட்டத்தான் வேண்டியிருக்கும். பழைய நிக்கோன் பொடி உள்ளவர் ஏஎஃப்-எஸ் 55-300 விஆர் பார்க்கலாம், 530 கிராம், ஃபோகஸ் ஆறுதலாகத்தான் ஓடும், ஆனால் டி3200இல் ஒழுங்காக வேலை செய்யும்.

நான் கடைசியில் வாங்கியது ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 55-200, எஃப் 4-5.6, விஆர் இரண்டாம் பதிப்பு. 300 கிராம்தான். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்திச் சூம் வளையத்தைத் திருப்பினால் உள்ளே ஒடுங்கி 8 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறுகிவிடும். ஃபில்டர் 52 மி.மீ., என் 18-55க்கும் அதே அளவு என்பதால் மூடியும் போலரைசரும் புதிதாக வாங்கத் தேவைப்படவில்லை. வெயில் மறைப்பான் எச்பி-37 தனியாக வாங்க வேண்டும், அதை விடாதீர்கள். காலிமுகத்திடல் பின்னேர வெயிலில் அது இல்லாவிட்டால் நல்ல லென்ஸும் பால் கலந்த படம்தான் தரும். 1.1 மீற்றருக்குக் கிட்டே பிடிக்காது என்பதைப் பூ எடுப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வகை லென்ஸ் எதிலும் இல்லாத ஒன்று இரவு வெளிச்சம். கோயில் திருவிழா இரவில் நடக்கிறது. 200இல் எஃப் 5.6 என்றால், எஃப் 1.8 லென்ஸ் விடும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அதில் 1/250 கிடைக்கும் இடத்தில் இதில் 1/25தான் கிடைக்கும். விஆர் இருக்கிறதே என்று சொல்வார்கள். விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், ஆடுகிற காவடியை நிறுத்தி வைக்காது. நடக்கிறவருக்கு 1/250, பறக்கும் கூழைக்கடாவுக்கு 1/1600 வேண்டும். அந்த வேகங்களில் விஆர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அசையாத கோபுரத்தை அந்திப் பொழுதில் எடுக்க அது தெய்வம். இரவுக்கு ஏஎஃப்-எஸ் 50 எஃப் 1.8 ஜி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், 185 கிராம், டெலிஃபோட்டோவோடு சேர்த்தாலும் அரைக் கிலோ வராது.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியதை நான் நாலாவது தரம் செய்த ஒழுங்கிலேயே சொல்கிறேன். சொந்தக் கமரா, சார்ஜ் உள்ள பற்றரி, வெறும் மெமரி கார்ட், சின்ன டோர்ச், முடிந்தால் ஒரு லப்டொப். பகலில் போங்கள், மழை நாளில் வேண்டாம். முதலில் பின்பக்கம்: செப்புத் தொடுகைகள் பச்சை படிந்திருக்கக் கூடாது, கடற்கரைப் பக்கம் இருந்த லென்ஸில் அது வரும். அடுத்து டோர்ச். பிறகு பூட்டி, நீளமான முனைக்குச் சூம் பண்ணி, கிட்டே ஒரு பொருள், தூரத்தில் ஒரு பொருள் என்று மாறி மாறிப் பத்து முறை ஃபோகஸ் பிடியுங்கள். ஒருதரமாவது இரண்டு பக்கமும் ஓடித் தடுமாறி நின்றுவிட்டால் கவனிக்க வேண்டும். சூம் வளையத்தில் மணல் அரைபடும் உணர்வு இருந்தால் வேண்டாம். கடை வாசலுக்கு வந்து, வீதிக்கு அந்தப் பக்கம் உள்ள பெயர்ப்பலகை எழுத்தை முதலில் நடுவில் வைத்தும், பிறகு நாலு மூலையிலும் வைத்தும், எஃப் 5.6இலும் எஃப் 8இலும் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். நாலு மூலையும் ஒரே அளவு மென்மை என்றால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால் கண்ணாடி சரிந்திருக்கிறது. கடைசியாக விஆர்: 200இல் 1/30 செக்கன் வைத்து, விஆர் போட்டுப் பத்து, நிறுத்திப் பத்து. போட்ட பத்தில் பாதிக்கு மேல் கூர்மையாக வர வேண்டும். இது எல்லாம் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்துக்கு முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம். பில்லில் லென்ஸின் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள், எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதையும் கையெழுத்தோடு எழுதச் சொல்லுங்கள். வொரண்டி என்று சொன்னால் கடையின் வொரண்டியா ஏஜென்டின் வொரண்டியா என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

வாங்கிய பிறகு உள்ள வேலை ஈரம். கொழும்புக் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்கப் பூஞ்சணத்துக்குப் பிடித்த அளவில்தான் நிற்கும், 60 வீதத்துக்கு மேல் போனாலே அது வளரத் தொடங்கும். கமரா பையும் தோலுறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் சாமான்கள், அவற்றுக்குள் லென்ஸைப் போட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். இறப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, அதற்குள் 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் ஜெல்லில் கொஞ்சத்தை எடுங்கள், மிஞ்சிய வரட்சியும் உள்ளிருக்கும் எண்ணெய்க்குக் கூடாது. செம்மஞ்சள் மணிகள் பச்சையாக மாறினால் பேக்கிங் அவனில் 110 பாகையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் காயவைத்து மறுபடி பாவிக்கலாம். அரிசி போட்டு வைப்பதால் பயனில்லை, அதன் மா தூசிதான் லென்ஸுக்குள் போகும்.

கடற்கரையில் அலை தெறிக்கும் காற்றில் சூமை உள்ளே வெளியே இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒவ்வொரு இழுவைக்கும் உப்புக் காற்று உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஃபானுக்குக் கீழே உலரவிட்டுப் பிறகு பெட்டிக்குள் வையுங்கள். ஏசி அறையிலிருந்தோ ஏசி பஸ்ஸிலிருந்தோ இறங்கி உடனே வெளியில் லென்ஸை எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவிப் புகார் பிடிக்கும், உள் கண்ணாடியிலும் பிடிக்கலாம். துணியால் தேய்க்க வேண்டாம். பையின் சிப்பைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளிச் சூட்டில் வைத்திருந்து, பிறகு எடுங்கள்.